பாலத்தில் நிற்காத ரயில்

டேய் மாப்ளே,

நம் காலேஜ் ஃபுட்பால் லீக்கில் கோவையையும் நாகர்கோவிலையும் சேர்த்துவிட்டார்கள். வெளியூர் ஆட்டம் பார்க்க இனி ரயில்தான்.

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நெல் லாரியில் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்து போனோமே, அது முடிந்தது. ரேடியேட்டர் கொதித்து நிற்கும் இடமெல்லாம் நான் வாய்க்கால் தண்ணீர் ஊற்றுவேன். "இன்ஜினீயரு, ஆட்டம் முடிஞ்சிரும்டா!" என்று நீ மேலிருந்து கத்துவாய்.

உன் அப்பாவின் வயலில் என் அப்பாவின் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டுக் கொடி நட்டதிலிருந்து ஊரில் நாம் பேசுவதில்லை. பேச்செல்லாம் லாரியில்தான். அதிலும் நீ நம்மூரில் ஏறாமல், அடுத்த ஊர்ப் பாலத்தில் காத்திருந்து ஏறுவாய்.

கோவைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். பாலத்தில் ரயில் நிற்காது. ஞாயிறு காலை நம்மூர் ஸ்டேஷனிலேயே, எல்லாரும் பார்க்க, என்னோடு ஏறு.

வரமாட்டாய் என்றால் காரணம் எழுதாதே, எனக்குத் தெரியும்.

இப்போதும்
உன் சிநேகிதன்