எலி அரிசி சேர்த்த எஞ்சின்

மோர்னிங்சைட்,
ஏப்ரல் 19, ஞாயிறு.

அன்புள்ள மகள் சுபாங்கிக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம், சாஸ்கற்றூன் குளிரிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் கதைக்கிற அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உறைக்குள் பேப்பரில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், கடிதத்தை வாசித்து முடித்த பிறகு பிரி.

போன கிழமை நீ, வீடு வீடாய்ப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் கார் ஓட வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, மெல்ல, அப்பா என்ரை கார் இன்னும் கராஜுக்குள்ளையோ நிக்குது என்று கேட்டாய். ஏழு வருடத்தில் அதைப் பற்றி நீ கேட்டது அதுதான் முதல் தரம். அடுத்தநாள் காலையே காருக்கு மேல் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன். உடனே ஸ்ராட் பண்ணவேண்டும் போல் கை துறுதுறுத்தது. பிறம்ரனில் ட்ரக் திருத்துகிற நம்முடைய மாக்கஸ்தான், அண்ணை அவசரப்படாதேங்கோ, உள்ளுக்கு ஒயில் காய்ஞ்சு கிடக்கும், அப்பிடியே ஸ்ராட் பண்ணினா எஞ்சின் தேய்ஞ்சுபோம் என்று தடுத்தான். அவன் சொன்னபடி பழைய பெற்றோல் முழுவதையும் இறக்கி, ஒயிலை மாற்றி, எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு சுண்டு சிவப்பரிசி! மலிவாய்ப் போகுது என்று அம்மா வாங்கிக் காருக்குப் பக்கத்தில் அடுக்குகிற மூட்டைகளில் இருந்து எலி காவிக்கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஸ்ராட் பண்ணியிருந்தால் எஞ்சின் சோறாக்கியிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழு வருசமாய் நீங்கள் உந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை, எலியாவது பாத்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. நான் அரிசியை அள்ளினேன்.

அவ சொன்னது சரி பிள்ளை. அந்தப் பெப்ரவரியில் நீ 401 ஹைவேயில் ஐஸில் சறுக்கி இடித்தபோது உடைந்தது பம்பரும் ஒரு லைற்றும்தான், அவற்றை அடுத்த மாதமே மாற்றிவிட்டேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் பழுது, இனி ஓடாது என்று உனக்கு நான் சொன்னது பொய். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த சனத்துக்கு முன்னால் உன் கையிலிருந்து சாவியைப் பறித்து, இனி நீ ஸ்ரேறிங் பிடிக்கத் தேவையில்லை என்று கத்தினேன், நீயும் பிடிக்கவில்லை. நீ பயந்துபோனாய் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பயந்தது நான். பொலிஸிடமிருந்து போன் வந்தபோது பிடித்த நடுக்கம் மாதக்கணக்காய் விடவில்லை, அதை உன் தலையில் கட்டிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

முந்தநாள் பிளக் நாலையும் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு ஊறவைத்தேன். நேற்று நீளமான ஸ்பானரைக் கொழுவிக் கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பார்த்தேன், இறுகிப்போயிருந்தால் எல்லாம் வீண். முதலில் அசையவே இல்லை. பிறகு மெல்ல இளகி, முழுதாய் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்றும் வந்தது. கராஜுக்குள் இருந்து அழுதேன், அம்மாவுக்குச் சொல்லிவிடாதே. இப்போது புதுப் பிளக் போட்டு, புதுப் பற்றரியும் வாங்கியாயிற்று. இனி ஸ்ராட் பண்ணலாம் அண்ணை என்று மாக்கஸ் சொல்கிறான், நான் பண்ணவில்லை.

வாற மாதம் இரண்டாம் திகதி நீ வர, மாக்கஸ் வந்து பற்றரியைக் கொழுவிவிடுவான். ரயருக்குக் கீழே வைக்க அம்மா நாலு தேசிக்காய் இப்பவே வாங்கிவிட்டா. கராஜுக்குள் கற்பூரமும் கொளுத்தப் போகிறாவாம், பெற்றோல் கான் இருக்கிற இடத்தில் வேண்டாம் என்று நீதான் சொல்லவேண்டும். லைசன்ஸைக் கொண்டுவர மறக்காதே. அந்த வேலைக்கு ஓம் என்று இன்றைக்கே எழுதிப்போடு. முதலில் எங்கள் தெருவுக்குள் ஓடு, பிறகு உனக்கு மனம் வருகிற நாளில் 401ஆல் பிக்கரிங் வரை போவோம்.

இனிப் பேப்பரைப் பிரி. திருநீற்றுப் பேணிக்குக் கீழே ஏழு வருடம் ஒளித்து வைத்திருந்தேன், அதனால்தான் அந்த மணம். வேறு சாவி எங்களிடம் இல்லை. நான் பக்கத்துச் சீற்றில் வாய் திறக்காமல் இருப்பேன்.

முருகன் எப்போதும் உன்னோடு இருப்பான்.

உன்னுடைய காரைத் தொடாமல் காத்திருக்கும்,
அப்பா
அன்புராசா