பாஸாகிவிட்டேன், கோபமும் போய்விட்டது

ஏங்க,

புள்ளியியலில் பாஸாகிவிட்டேன்! மூன்றாவது தடவை என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

“தெரிஞ்ச பாடத்தையே தடவிக்கிட்டு இருந்தா, தெரியாதது எப்படிம்மா வரும்?” என்று கேட்டீர்களே, அன்றோடு உங்களிடம் பேச்சை நிறுத்தினேன். படித்தாலும் வராது என்று காட்டி உங்களை மடக்கத்தான், பயந்து ஒதுக்கிய நிகழ்தகவுப் பாடத்தை வீம்பாகத் திறந்தேன். அது அப்படியொன்றும் பூதமில்லை. பரீட்சையில் பாதிக் கேள்வி அதிலிருந்துதான் வந்தது. மடங்கியது நான்தான்.

இதிலும் போனால் கல்லூரிக்கே முழுக்கு என்றிருந்தவள், அடுத்த வருடப் புத்தகம் வாங்கக் கிளம்பிவிட்டேன். இப்போதுதான் மூச்சே வருகிறது.

பி.கு.: வந்ததும் பேசிவிடலாம். நீங்களே ஆரம்பியுங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. “நான் அப்பவே சொன்னேனே” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.