ஆறாவது பெயர்

திங்கள், 4 ஆகஸ்ட்

காலையில் மழை, மாலையில் வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

இன்றும் போன் ஆட்டத்தின் நடுவில் இணைய லைன் விழுந்தது. 7.16க்கு. பிங், அதாவது லைன் பிந்தும் அளவு, நாற்பதில் இருந்தது, நானூறுக்கு ஏறியது, அப்புறம் சிவப்பு, அப்புறம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி உள்ளே போவதற்குள் என் ஆள் செத்துக் கிடந்தாள். ஐந்து பேர் அணி. என்னால் கவிழ்ந்த நாலாவது ஆட்டம்.

பவித்ரா எங்கள் அணித் தலைவி. பாலிங் என்ற ஊரில் இருக்கிறாள். ஒரு வருடமாகத் தினம் ஒரு மணி நேரம் காதுக்குள் பேசுகிறாள், நேரில் பார்த்ததில்லை. "அக்கா, ஒங்களுக்கு டெய்லி ஏழே காலு பக்கம்தான் லைன் போவுது. டைம எழுதி வைங்க லா. டெக்னிஷன் கேப்பாரு."

அதனால் இந்த டைரி. புத்தாண்டுக்குத் தொழிற்சாலையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து வெறும் வெள்ளை.

நினைவில் இருந்து:
போன புதன் 7.10
வியாழன் 7.20 இருக்கும்
சனி 7.15
நேற்று விழவில்லை (பெருமழை)

சனி 16ஆம் தேதி போட்டி. பெண்கள் அணிகள் மட்டும். ஒரே ஆளுக்கு மூன்று தடவை லைன் போனால் அணியே வெளியே. பயமாக இருக்கிறது. பயப்பட இவ்வளவு சின்ன விஷயம் கிடைத்திருக்கிறதே என்று சிரிப்பும் வருகிறது.

செவ்வாய், 5 ஆகஸ்ட்

செய்து பார்த்தவை: ரவுட்டரை அணைத்து அறுபது எண்ணி மறுபடி போட்டது. கேபிளைக் கழற்றி மாட்டியது. டிவியை அணைத்தது. போனில் மற்ற எல்லாவற்றையும் மூடியது.

7.12. விழுந்தது.

மொபைல் டேட்டாவில் விளையாடலாம் என்றால் ஜெராய் மலை மறைக்கிறது. மெர்போக்கில் எங்கள் வீட்டு வரிசைக்குச் சிக்னல் ஒரே ஒரு கோடுதான் கிடைக்கும்.

சரோஜா அக்கா கிளினிக் வேலையிலிருந்து வந்து ரவுட்டரை உற்றுப் பார்த்தார். "கண்ணு பட்டுருச்சு போல. அந்தப் பொட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டு." வீடு அவர் வாடகைக்கு எடுத்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பையும் ஒரு டிவியுமாக வந்து நின்றவளைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டவர். கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு.

புதன், 6 ஆகஸ்ட்

பவித்ரா யோசனை: ரவுட்டரை நான் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது. கூடத்திலிருந்து சமையலறை ஜன்னல் திட்டுக்கு மாற்றினேன். நான் உட்காருவது சமையலறை மேசையில். அங்கேதான் பின்பக்கக் காற்று வரும். நீள வயர் வாங்கி, சுவர் ஓரமாக டேப் ஒட்டி, ஒரு மணி நேர வேலை. சிக்னல் இப்போது முழுசு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

7.09. விழுந்தது. முன்பு ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இன்று இருபத்தைந்து நிமிடம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வெள்ளி, 8 ஆகஸ்ட்

விடுமுறை. தலைக்குக் குளித்தேன். கத்தரிக்காய் கருகிவிட்டது. கருகியதற்குக் காரணம் அம்மாவின் போன்.

அம்மா சுங்கை பட்டாணியில் தம்பி வீட்டில் இருக்கிறார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில்: "மாப்பிள்ள வந்தாரு டி. என் கால்ல விழுந்து அழுதாரு. ஆம்பள அழுதா எனக்கு மனசு தாங்கல."

"எப்பம்மா?"

"போன மாசம்."

"எங்க இருக்கேன்னு சொன்னியா?"

"வீடு தெரியாது, ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். மெர்போக் பக்கம்னு மட்டும்..."

வைத்துவிட்டேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதுகிறேன். சேகர். என் புருஷன். இடது மணிக்கட்டு இன்னும் மழைக்கு வலிக்கும். என் பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறேன். காகிதம் அலமாரியில், சேலைக்கு அடியில்.

மெர்போக் பெரிய ஊர், எத்தனை தாமான் குடியிருப்பு, எத்தனை வரிசை என்று சொல்லிக்கொண்டேன். விளையாடவில்லை. கேட் கேமராவை ஐந்து தடவை பார்த்தேன். பூனை, ரொட்டிக்காரர், பூனை.

ஞாயிறு, 10 ஆகஸ்ட்

காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீடு. நாலு மணிக்கு டெக்னிஷன் வந்தார். குமரன் என்று பெயர், சின்ன வயது. ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார்.

"லைன் நல்லா சுத்தமா இருக்கு அக்கா. ஒங்க வைஃபைல யாரோ வந்து பெரிசா எதையோ அப்லோட் பண்றாங்க. போன் வைஃபை கிடைச்ச ஒடனே போட்டோ, வீடியோவ தானா மேல அனுப்பும் பாருங்க, அந்த மாதிரி. அது ஓடறப்ப கேம்முக்கு எடம் இருக்காது."

வீட்டில் அந்த நேரம் நான் மட்டும்தான், அக்கா வர ஏழரை ஆகும் என்றேன். என் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தார். இதுவரை வைஃபையில் வந்துபோன எல்லாப் போன்களும் பெயரோடு அதில் இருக்கும். சத்தமாகப் படித்தார், முதலில் என் இரண்டு போன்கள்.

"கோமதி. கோமதி பழசு. டிவி. கேட் கேமரா. சரோஜா. ஆறாவது, மாப்பிள்ளை. கடைசியா வந்தது நேத்து ஏழு பதினாலு." சிரித்தார். "யாரு அக்கா, வீட்டு மாப்பிள்ளையா?"

காது அடைத்துவிட்டது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அந்தப் பெயரை வைத்தது நான். கல்யாணமான புதிதில், என் முதல் போனசில் வாங்கிக் கொடுத்த போன். என்ன பேர் போடட்டும் என்று கேட்டேன். "மாப்பிள்ளைன்னு போடு" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தப் போன் இங்கே எப்படி நுழைந்தது? அதுவும் என் கைவேலை. இந்த வீட்டுக்கு வந்தபோது, புது ரவுட்டரில் பழைய வீட்டு வைஃபையின் பெயரையே போட்டேன், பழைய பாஸ்வேர்டையே போட்டேன். டிவி, கேமரா, போன் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம் என்ற கெட்டிக்காரத்தனம். எல்லாம் சேர்ந்துகொண்டன. அவன் போனும்.

பாஸ்வேர்ட் எங்கள் கல்யாணத் தேதி.

"பாஸ்வேர்ட மாத்திடவா அக்கா? ரெண்டே நிமிஷம்."

"வேணாம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் போன பிறகுதான் புரிந்தது. மாற்றினால் அவன் வருவது நிற்காது. அவன் வந்தது எனக்குத் தெரியாமல் போகும்.

திங்கள், 11 ஆகஸ்ட்

எம்சி, மருத்துவ விடுப்பு, எடுத்தேன். அணியிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

வெயில் இருக்கும்போதே, பதினோரு மணிக்கு, சரோஜா அக்கா கையில் துடைப்பக்கட்டையோடு கூட வர, போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். வைஃபை எதுவரை எட்டுகிறது என்று பார்க்க. அந்த வட்டத்துக்குள்தான் அவன் நின்றிருக்க வேண்டும்.

முன்பக்கம்: கேட் தாண்டிப் பன்னிரண்டு அடி வைத்ததும் செத்துவிட்டது. அதுவரை கேமராவும் பார்க்கும். அங்கே இல்லை.
இடது: பக்கத்து வீடு. போலீஸ்காரர் குடும்பம் என்றால் நன்றாக இருக்கும், பள்ளி ஆசிரியர் குடும்பம். நாய் உண்டு. அங்கே இல்லை.
வலது: கடைசி வீடு எங்களுடையது. வெறும் புல், ஒளிய இடமில்லை.
பின்பக்கம்: வேலி. சாக்கடை. அதற்கப்பால் யாரோ ஒருவரின் ரப்பர்த் தோட்டம், பால் வெட்டி நாளாயிற்று.

சாக்கடையைத் தாண்டினோம். முதல் நிரை மரம், சிக்னல் முழுசு. இரண்டாவது நிரை, முழுசு. மூன்றாவது நிரையில் பாதி.

இரண்டாவது நிரையில் ஒரு மரத்தின் கீழ்ப் புல் படுத்திருந்தது. மரத்தில் கட்டியிருந்த மங்கில், ரப்பர் பால் வடியும் கிண்ணத்தில், பால் இல்லை, மழைத் தண்ணீர் இல்லை. குவாச்சித் தோல். வறுத்த சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிய தோல், மங்கு நிறைய. மேலே இருந்தவை புதுசு.

டிவி பார்க்கும்போது இடைவிடாமல் கொறிப்பான். தோலை நான் குடித்துக்கொண்டிருக்கும் தேநீர்க் கோப்பையில் துப்புவான். கேட்டால் அடி. கேட்காவிட்டாலும் சில நாள்.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். எங்கள் சமையலறை ஜன்னல். மேசை. என் நாற்காலியின் முதுகு. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்கூடத் தெரிகிறது. ஜன்னல் திட்டில் ரவுட்டரின் பச்சை விளக்கு.

நான்தான் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.

சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே திட்டினார், அவனை, அவன் வம்சத்தை.

செவ்வாய், 12 ஆகஸ்ட்

போலீஸ் நிலையம். சார்ஜன் நோர்மா என்று ஒரு பெண். ஆணையைப் படித்தார், டைரியின் நேரங்களைப் படித்தார், ஆப்பில் அந்தப் பெயரைப் பார்த்தார். மங்கைப் பிளாஸ்டிக் பையில் கொண்டு போயிருந்தேன், வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் மட்டும் போதாது, ஆள் அங்கே நிற்கும்போது பிடிக்க வேண்டும் என்றார்.

பாஸ்வேர்டை மாற்றவா என்று மலாயில் கேட்டேன். "ஜாங்கான்." கூடாது. எதையும் மாற்றாதே, ரவுட்டரை நகர்த்தாதே, திரைச்சீலை போடாதே, எப்போதும் போல அதே நாற்காலியில் உட்கார்ந்து விளையாடு. அந்தப் பெயர் வந்ததும் எனக்கு மெசேஜ் அனுப்பு. நாங்கள் தோட்டத்தின் அந்தப் பக்கம் இருப்போம்.

எப்போதும் போல. சொல்லிவிட்டார்.

வியாழன், 14 ஆகஸ்ட்

6.50 முதல் 8.15 வரை நாற்காலியில். பழைய போனில் ஆப், புதுப் போனில் ஆட்டம். முதுகு முழுக்கக் கண் முளைத்த மாதிரி. வரவில்லை. போலீஸ்காரர்களைக் கொசு தின்றது.

வெள்ளி, 15 ஆகஸ்ட்

வரவில்லை. பார்த்துவிட்டானோ? சோறு இறங்கவில்லை. அக்கா ஊட்டாத குறை.

பவித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு போட்டில நீங்க ஆட வேணாம் அக்கா" என்றாள். ஆடினால்தான் வருவான் என்றேன். "அப்ப நாங்க நாலு பேரும் லைன்லயே இருப்போம். மைக்க மட்டும் மூடாதீங்க."

ஞாயிறு, 17 ஆகஸ்ட்

நேற்று எழுத முடியவில்லை.

7.00 போட்டி ஆரம்பம். வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்போது வைஃபையில் இருப்பவற்றின் லிஸ்ட்டில் நான்கு: கோமதி, கோமதி பழசு, டிவி, கேட் கேமரா. 7.05 நான்கு. 7.10 நான்கு. 7.13க்கு ஐந்து.

மாப்பிள்ளை.

சார்ஜனுக்கு அனுப்ப வேண்டியது ஒரே சொல், 'ஆடா'. இருக்கிறான். மூன்று தடவை தப்பாகத் தட்டினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. பிங் ஏறியது. அவன் எடுத்த படம் ஏதோ என் வீட்டு லைனிலேயே மேலே போய்க்கொண்டிருந்தது. என் ஆள் திரையில் உறைந்து நின்றாள், நானும் அப்படியே.

காதில் பவித்ரா குரல் விட்டு விட்டு வந்தது. "அக்கா... இருக்கீங்களா... அக்கா, பேசுங்க..." பேசினால் அழுதுவிடுவேன். "ம்" என்றேன். நாலு பேரும் "ம்" என்றார்கள், ஒருத்திக்குப் பின் ஒருத்தி. அது மட்டும் எப்படியோ அறுபடாமல் வந்தது.

பிறகு பக்கத்து வீட்டு நாய். ஓடும் சத்தம், மலாயில் கத்தல், சாக்கடையில் யாரோ விழுந்த சத்தம்.

ஆட்டத்தில் தோற்றோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

நிலையத்தில் சார்ஜன் சொன்னது: போனில் வீடியோக்கள். எல்லாம் ஜன்னல் வழியாக. எத்தனை என்று நான் கேட்கவில்லை. பையில் ஒரு கத்தி. ரப்பர் மரத்துக் கத்தி இல்லை, கறி வெட்டுவது.

அவன் அவர்களிடம் சொன்னானாம்: "பாஸ்வேர்ட மாத்தாமத்தானே வச்சிருந்தா? அதுவும் கல்யாணத் தேதி. என்னைய வரச் சொல்லித்தானே?"

திங்கள், 18 ஆகஸ்ட்

அம்மா போன். அழுகை. கடைசியில் மெதுவாக, "ஏண்டி, மாத்தாமலா வச்சிருந்த?"

என் அம்மாவே. கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும். சோம்பேறித்தனம் அம்மா, வெறும் சோம்பேறித்தனம், டிவிக்கு ஒரு தடவை தட்டச் சோம்பல். அதற்குப் போய் ஆசை என்று பெயர் வைக்கிறீர்கள்.

கத்தி இருந்ததைச் சொன்னேன். வைத்துவிட்டேன்.

புதன், 20 ஆகஸ்ட்

சார்ஜன் போன், மதியம். ஜாமீனில் விட்டுவிட்டார்கள். உறவுக்காரர் யாரோ கையெழுத்து. மெர்போக்குக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. போன் வழக்குக்காக நிலையத்தில் இருக்குமா என்று கேட்டேன். இருக்குமாம். அப்படியென்றால் அந்தப் பெயர் இனி வராது என்றேன். ஆமாம் என்றார், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

பூனையின் கழுத்தில் மணி இருந்தது. கழற்றி வைத்துவிட்டார்கள். பூனையை வெளியே விட்டுவிட்டார்கள்.

யோசித்தேன். புதுப் போன் வாங்குவான். பாஸ்வேர்ட் அவனுக்கு மனப்பாடம். நான் அழைக்கிறேன் என்று நம்புகிறவன் அதைத் தட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டான். அதனால் மாற்றவில்லை. அம்மா என்ன நினைத்தாலும் சரி. கல்யாணத் தேதியே இருக்கட்டும். முதல் தடவையாக அதனால் எனக்கு ஒரு உபயோகம்.

சமையலறைக்குத் திரைச்சீலை மாட்டியாயிற்று. பின் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள். பவித்ரா ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். ஆட்டம் தொடங்கவில்லை, மைக் மட்டும் திறந்திருக்கிறது.

7.05 நான்கு.
7.10 நான்கு.
7.15 நான்கு. மழை பிடித்துவிட்டது.
7.22 ஐந்து.

பெயரைப் பார்க்க விரல் வரவில்லை. பார்த்தேன். சரோஜா.

அதற்குப் பிறகுதான் கேட் திறக்கும் சத்தமும் அக்காவின் குரலும் கேட்டன.