கப்பலடியில் கடிகாரம் பிடிக்கிற மருமகனுக்கு

சிவமயம்

செனாவாங் பக்கத்து ரப்பர் தோட்டம், மலாயா
ஆடி வெள்ளி, 1952

அன்புள்ள மருமகன் திருநாவுக்கரசுக்கு, அத்தை ராக்கம்மா எழுதிக்கிறது. மாரியாத்தா புண்ணியத்துல இங்க மூச்சு ஓடுது. அங்க நீ சொகமா இருக்கணும்.

காட்டுல இருக்க கம்யூனிஸ்டுக்காரங்களுக்குச் சோறு போகக்கூடாதுன்னு நம்ம லயத்து வீடுங்களச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டாச்சு. அரிசி நம்ம அடுப்புல இல்ல, பொதுக் கொட்டாயில ஆக்கி அளந்து போடுறாங்க. சாமிக்குப் படைக்கக்கூட கெஞ்சித்தான் வாங்கணும். காலையில கேட்டுல ஒவ்வொருத்தரா தடவிப் பாத்து விடுறதுக்குள்ள வெயில் ஏறிடுது. வெயில் ஏறினா மரம் பால் விடுமா? பால் நிறுக்குற தராசுக்கு அது தெரியுமா? வேல வாங்குற மண்டோர் எங்கள சோம்பேறின்னான். நீ வேணா மரத்துக்கிட்டப் போயி திட்டுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளே என்னத் தூக்கி, ஏறவே மூச்சு வாங்குற மேட்டு நெரைக்குப் போட்டுட்டான்.

அது கெடக்கட்டும். அமிர்தலிங்கம் கடுதாசி போட்டிருக்கான். மதியச் சோத்தக் கம்பிக்கு வெளிய கொண்டு போனான்னு எம்புள்ளைய போலீசுக்காரங்க புடிச்சுட்டுப் போயி அடிச்சு அனுப்பினாங்களே, அதுலேருந்து அவன் வலது தோளு மேல எழும்பல. நீதான் கூட்டிட்டுப் போயி கப்பல் வேலையில சேத்துவிட்ட. அத இந்த அத்தை மறக்க மாட்டா.

கேங்குல அவனக் கயிறு மாட்ட விட்டுட்டு, மூட்டைய மத்தவங்க தூக்கிக்கிறாங்களாம். யாரு பெத்த புள்ளைங்களோ! இப்ப புது தொரை, ஒரு மணிக்கு எந்தக் கேங் எத்தன கட்டு எறக்குதுன்னு பாக்கச் சொல்லிருக்கானாம். கணக்குல கடைசியா வர்ற கேங்கக் கலைச்சிடுவானாம். கலைச்சா மத்தவங்களுக்கு வேற எடம் கெடைக்கும். தோளு போனவன எவன் எடுப்பான்? கடிகாரம் புடிக்கிறது நீதானாம். அரசு மச்சான் என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறாருன்னு எழுதிருக்கான். எனக்கு உம்மேல கோவமில்லப்பா. அது உன் சோறு.

அவன் இங்க திரும்ப வர முடியாது. பேரு கெட்டவனச் சேக்க மாட்டேன்னு ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சொல்லிட்டாரு. வந்தா மறுபடி புடிச்சுட்டுப் போவாங்க. அவங்க விட்டாலும் காட்டுல இருக்கவங்க சோறு கொண்டான்னு கேட்டு விட மாட்டாங்க. அவங்களுக்கும் அவன் பேரு தெரிஞ்சுபோச்சு. அவன் பொண்டாட்டி வள்ளிநாயகி மாசமா இருக்கா. கடுதாசிய அவளுக்கு முழுசா படிக்கல. தோளு தேவலையாம்னு மட்டும் சொன்னேன். உண்மையான்னு கேட்டா. அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.

பொய்க் கணக்கு சொல்லுன்னு அத்தை கேக்க மாட்டேன். வெள்ளிக்கெழம வெளக்கேத்துறவ நான். ஆனா லோரி வராம வேல நிக்கிறதையும், மழைக்குக் கப்பல மூடி வக்கிறதையும் அவனுங்க தலையிலதான் ஏத்துறாங்களாம். அந்த நேரத்துக்காவது கடிகாரத்த நிறுத்திக்கய்யா. அது நியாயந்தானே? நிறுத்தினத மறுபடி ஓட விடுறப்போ கொஞ்சம் தாமசமானா சாமி கோவிச்சுக்காது. கோவிச்சா நான் பதில் சொல்லிக்கிறேன்.

உனக்கும் சேத்துத்தான் தெனம் கும்புடுறேன். உன் கை நல்லாருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒங்க ரெண்டு பேரையும் தூக்கி வளத்த அத்தை
ராக்கம்மா