மேதாவின் உப்பு

ஆர்.கே.புரம், புதுதில்லி
நவம்பர் 4, 2025

ஸ்ரீவத்ஸனுக்கு,

சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மேதாவின் வியர்வையைச் சோதித்தார்கள். உப்பு மிக அதிகம். முத்தம் கொடுத்தால் நெற்றி கரிக்கிறது என்று நான் சொன்னபோது சிரித்தீர்களே, நோயின் அடையாளமே அதுதானாம். டாக்டர் ருக்மிணி பொறுமையாக விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. உப்பு அதை நினைத்தபடி தாண்ட முடியாது. அதற்கென்று சவ்வில் புரதத்தாலான வழிகள் உண்டு. நம் குழந்தைக்கு அந்த வழி திறப்பதில்லை. வியர்வையிலிருந்து உப்பை உடம்புக்குள் திரும்ப இழுப்பதும் அதே வழிதான், அது மூடியிருப்பதால் உப்பு தோலிலேயே தங்கிவிடுகிறது. நுரையீரலில் உப்பு வெளியே வராததால் தண்ணீரும் வருவதில்லை. சளி பசைபோல் இறுகிவிடுகிறது. இதைத்தான் ஆஸ்துமா என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறோம்.

மரபணுவில் ஒரு பிழை என்னிடமிருந்து வந்தது தெரிந்துவிட்டது. இன்னொன்று தெளிவாகவில்லை. அது தெரிந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல முடியுமாம். நீங்கள் சென்னையிலேயே ரத்தம் கொடுத்தால் போதும்.

வெளியே ஒரே புகை. ஜன்னலை மூடிவிட்டு, அவள் இருமும்போதெல்லாம் எழுந்து நடக்கிறேன்.

ஜ்யோத்ஸ்னா


சென்னை
நவம்பர் 11, 2025

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆபீஸில் ஆடிட் நடக்கிறது, லீவு கேட்க முடியாது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை. உன்னுடையது தெரிந்துவிட்ட பிறகு என் ரத்தம் எதற்கு? குழந்தையை இங்கே அழைத்து வா என்று எத்தனை தடவை சொன்னேன். நீதான் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்.

அவள் சாப்பிடுகிறாளா? அதையாவது எழுது.

ஸ்ரீவத்ஸன்


புதுதில்லி
நவம்பர் 18, 2025

ஸ்ரீவத்ஸனுக்கு,

நேற்று மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் நெற்றியைத் துடைத்துவிட்டு, உப்புப் பூத்திருக்கிறது என்று யாரிடமோ இந்தியில் சொன்னாள். மேதா மாஸ்க்கை விலக்கி, "அம்மா, நான் நம்கீனா?" என்று, கடையில் வாங்கும் உப்பு நொறுக்குத் தீனியை நினைத்துக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன்.

இந்த நோய் ஒருவரால் மட்டும் வராது. ஒரே ஒரு பிழை இருப்பவர்கள் என்னைப்போல் நன்றாகவே இருப்பார்கள். அவர்கள் அப்பா அம்மாவும் நன்றாகவே இருந்திருப்பார்கள். இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வழி அடைபடும். "எங்க வம்சத்துல இது கிடையாது" என்று, ஆஸ்துமா என்று நினைத்த நாளில் டாக்டர் முன்னால் சொன்னீர்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். இனி அப்படி உட்கார மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம். ரத்தம் கொடுங்கள்.

ஜ்யோத்ஸ்னா


சென்னை
டிசம்பர் 9, 2025

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாவது பிழை என்னுடையது.

லேபிலிருந்த பெண் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "பயப்படாதீங்க சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அங்கே அதற்குமேல் நிற்க முடியவில்லை. சென்னைக்கு மாற்றல் வந்தபோது வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது தில்லிக்கே கேட்டிருக்கிறேன்.

வரட்டுமா?

ஸ்ரீவத்ஸன்


புதுதில்லி
டிசம்பர் 16, 2025

ஸ்ரீவத்ஸனுக்கு,

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மருந்து சொல்லியிருக்கிறார். அடைபட்ட வழி முழுக்க இல்லாவிட்டாலும் ஓரளவு திறக்கக்கூடுமாம். மேதா வீட்டுக்கு வந்துவிட்டாள். தயிர்சாதம் சாப்பிடுகிறாள்.

நாம் சேர்ந்திருப்பது பற்றி இப்போது என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் வாருங்கள். சளி கிளம்ப காலையும் மாலையும் அவள் முதுகைத் தட்ட வேண்டும். எனக்குக் கை ஓய்ந்துபோகிறது. உள்ளங்கையைக் குவித்துத் தட்ட வேண்டும், சொல்லித்தருகிறேன். முதல் நாள் உங்களிடம் வர மாட்டேன் என்று அழுவாள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஜ்யோத்ஸ்னா