ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய கூடை

மதினி,

நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் வள்ளி கூடத்தில் உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகளை இன்று தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறாள். தண்ணீர் பாட்டில்கள், தொப்பிகள், வெயிலுக்குப் பூசும் கிரீம், துண்டு, நனைந்த துணி போட பிளாஸ்டிக் கவர், வாந்தி மாத்திரை எல்லாவற்றையும் தரையில் பரப்பியிருந்தாள். கடைசியாக அடுப்படிக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து, நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். மாத்திரை இருக்கும்போது பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வாசனை என்னிடம் வந்துவிட்டது.

"அத்தை, வேற என்ன வைக்கணும்? என்னமோ விட்டுப்போன மாதிரியே இருக்கு."

"உனக்கு ஒரு மாத்துச் சேலை வச்சுக்க" என்றேன்.

"நான் எங்க தண்ணியில எறங்கப் போறேன்?" என்று சிரித்தாள்.

நீங்கள் போய் இன்றோடு இருபத்தொரு நாள். மதுரையில் வள்ளி வீட்டிலேயே இருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. உங்களைக் குளிப்பாட்டினேன், சேலை கட்டிவிட்டேன், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "அழுதுருங்க அத்தை" என்று வள்ளி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மரக்கட்டைமாதிரி இருக்கிறது. அதனால்தான் நாம் மதுரைக்குப் போன அந்த நாளை எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தேன். வள்ளிக்கு அதில் நினைவிருப்பது ஓர் அப்பளம் மட்டும்.

அண்ணன் ஆனி மாதத்தில் போனார். மோட்டார் கொட்டகையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவர். உங்களுக்கு இருபத்தாறு வயது, வள்ளிக்கு ஐந்து. எனக்கு இருபத்துமூன்று, தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எழுபதுகள் தொடங்கிய சமயம். வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், கட்டிக்கொண்டீர்கள். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டினீர்கள், பால் கறந்தீர்கள், கேட்டால் பதில் சொன்னீர்கள். தட்டில் போட்ட சோற்றில் இரண்டு கை அள்ளிவிட்டு எழுந்துவிடுவீர்கள். தை மாதத்துக்குள் கழுத்தெலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள், "மனசு கல்லு" என்று காதுபடவே பேசினார்கள். அது உங்களைத் தொட்டதாகவும் தெரியவில்லை.

சித்திரை விடுமுறையில் ஒரு நாள் நான் ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"மதுரையில பொருட்காட்சி போட்டிருக்காகளாம்ல" என்றீர்கள்.

பத்து மாதத்தில் யாரும் கேட்காமல் நீங்களாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் குழவி நின்றுவிட்டது.

"ஆமா மதினி. வருசா வருசம் போடுறதுதான. ஏன், வள்ளியைக் கூட்டிட்டுப் போகணுமா?"

"வள்ளிக்கு இல்ல. எனக்கு." மாவை வழித்துவிட்டுச் சொன்னீர்கள். "அங்க பெரிய ராட்டினம் இருக்காம். மேலருந்து எறங்குறப்ப வயித்தை அப்படியே கலக்கிருமாம். எனக்கு எதுவுமே கலங்க மாட்டேங்குது மீனா. அதுல ஏறுனாலாச்சும் கலங்குதான்னு பாக்கணும்."

கணவன் செத்து வருடம் திரும்பாத பெண் பொருட்காட்சிக்குப் போவது நம் வீட்டில் நடக்கிற காரியமா? என்னைப் பெற்ற ஆத்தாவிடம் கேட்கவே முடியாது. ஆனால் அதே ஆத்தாதான் முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லீவு முடியுறதுக்குள்ள இவளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு டாக்டருகிட்டக் காட்டிட்டு வா. இப்படியே போனா பிள்ளைக்குத் தாயும் இருக்க மாட்டா" என்று சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். ஆத்தாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

கூடை கட்டுவதில்தான் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. பார்த்தால் ஆஸ்பத்திரிக் கூடையாக இருக்க வேண்டும். என்னுடைய பச்சை வயர் கூடையில் அடியில் ஒரு பழைய வேட்டியை மடித்து வைத்தேன். அதன்மேல் துண்டு, வள்ளிக்கு இரண்டு கவுன், தைலப் புட்டி, உள்ளூர் டாக்டர் எழுதிய சீட்டு, பஸ்ஸில் குமட்டினால் முகர எலுமிச்சம்பழம், தண்ணீருக்குத் திருகுமூடி போட்ட கூஜா. படுக்கையில் சேர்க்கச் சொன்னால் கூட இருப்பவள் கட்ட என்று என்னுடைய நீலச் சேலை ஒன்றையும் வைத்தேன். சின்னச் சின்ன வெள்ளைப் பூப் போட்டது. உங்களுக்கென்று எதுவும் வைக்கத் தோன்றவில்லை. புளிச்சோறு நீங்கள் கிளறி, இலையில் கட்டி, நீங்களே கூடையில் அடுக்கினீர்கள்.

ஆத்தா வந்து கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"சேலை எதுக்கு?"

"தங்கச் சொல்லிட்டாகன்னா வேணுமேத்தா."

அவள் உள்ளே போய்த் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து வைத்தாள். "நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் வாசலில் வள்ளிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

காரைக்குடியில் பஸ் மாறி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. பொருட்காட்சியை மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வேட்டியை விரித்து உட்கார்ந்து சோற்றை எடுத்தேன். பொட்டலம் நான்கு இருந்தது.

நான் உங்களைப் பார்த்தேன். பழக்கத்தில் கட்டிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதை எடுத்து மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் நீங்கள் உங்கள் இலையை முடித்துவிட்டு, நான்காவதையும் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் தின்றீர்கள். பத்து மாதமாக இரண்டு கைக்குமேல் தின்னாதவர். வள்ளி, "அம்மாவுக்குப் பசி" என்றாள். பல வருடம் கழித்து ஒரு தடவை இதைக் கேட்டேன். "மறந்து கட்டலை மீனா. தெரிஞ்சேதான் கட்டினேன். அவுக பங்கை வேற யாருக்கும் குடுக்க மனசு வரலை" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

ராட்டினத்துக்குக் கூட்டம் அதிகமில்லை, வெயில் இன்னும் இறங்காத நேரம். பெட்டியில் வள்ளியை மடியில் இறுக்கிக்கொண்டு நான் ஒரு பக்கம், எதிரே நீங்கள். அது மேலே ஏறியபோது நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது உச்சியில் நின்றுகொண்டிருந்தோம், கீழே யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோபுரங்களும் தண்ணீரில்லாத வைகையும் தெரிந்தன. நீங்கள் கம்பியைக்கூடப் பிடிக்காமல், கையை மடியில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தீர்கள்.

"இங்குட்டுருந்து பாத்தா நம்ம ஊரு தெரியாதுல்ல?" என்றீர்கள்.

"அது எம்புட்டுத் தூரம் மதினி."

"ம்."

பிறகு அது சுற்றியது. வள்ளி அலறிக்கொண்டே சிரித்தாள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானை பறந்ததே தவிர முகத்தில் எதுவும் அசையவில்லை. இறங்கியதும் என் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகலை மீனா" என்றீர்கள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சாமான் இல்லை என்று வந்து சொல்வோமே, அந்தமாதிரி.

நான்கு எட்டு நடந்திருப்பீர்கள். அப்படியே குனிந்துவிட்டீர்கள்.

தின்றது எல்லாம் வந்தது, சேலை முழுவதும். எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகும் வயிறு எக்கி எக்கி வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் வந்த சத்தம் வாந்திச் சத்தம் இல்லை. புழுதியில் உட்கார்ந்து அழுதீர்கள். அண்ணனைக் கொண்டுபோன அன்று ஊரே எதிர்பார்த்த அழுகையை, அங்கே முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில், வாயைத் திறந்து அழுதீர்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். ராட்டினம் ஏறி வாந்தி எடுத்தவள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்தில் அப்பளக் கடை போட்டிருந்த அம்மாள்தான் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "இது எல்லாரையும் இப்படித்தான் பண்ணும் தாயி. சின்னப் பிள்ளை மாதிரி அழுவாதீக" என்று முதுகைத் தடவினாள். நீங்கள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதீர்கள். அவள் திகைத்துப்போய், பிறகு என்ன நினைத்தாளோ, சும்மா நின்றாள். வள்ளி பயந்துவிடக்கூடாதென்று தட்டு அகலத்துக்கு ஓர் அப்பளம் பொரித்துக் கையில் கொடுத்தாள். அந்த அப்பளம்தான் வள்ளிக்கு நினைவிருக்கிறது.

கடைக்குப் பின்னால் தட்டி மறைப்பில் வைத்து உங்களைக் கழுவிவிட்டேன். கட்டிக்கொள்ள நீலச் சேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "குடு" என்றீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். "வீட்டுக்காரக என்ன பண்ணுறாக?" என்று உங்களிடம் கேட்டாள். "வெவசாயம்" என்றீர்கள். "எத்தனை ஏக்கரு?" "மூணு ஏக்கரு. கெணத்துப் பாசனம்." மேலூரிலிருந்து திருப்பத்தூர்வரை அவளிடம் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். என்ன பயிர் வைப்பார், எப்படிக் கோபப்படுவார், மிளகாய் ரசம் எப்படிக் கேட்பார். உயிரோடு இருக்கிறவரைப் பற்றிப் பேசுவதுபோல். நான் வள்ளியைத் தூங்க வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆத்தா வாசலில் நின்றாள். நீலச் சேலையைப் பார்த்து, "கூட வர்றது யாரு?" என்று என்னைக் கேட்டாள். கிட்ட வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஆசுபத்திரிக்குப் போகலை அயித்தை. பொருட்காட்சிக்குப் போனோம். ராட்டினத்துல ஏறுனேன். வாந்தி எடுத்தேன். சேலை பாழாப் போச்சு."

ஆத்தா உங்கள் வீங்கிய கண்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அழுதியா?"

"ஆமா அயித்தை."

ஆத்தா கூடையிலிருந்து அந்த ஈர வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். துவைக்கும் சத்தம் கேட்டது. ஒரு சேலைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. போய்ப் பார்க்க நம் யாருக்கும் தைரியம் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவளும்தானே. அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் என்னிடம் மட்டும் பேசினாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீகளாத்தா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு ஒரு மாதத்துக்கு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் மறுநாள் வெள்ளைக்கே திரும்பிவிட்டீர்கள். அது மாற இன்னும் நான்கு வருடம் ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து சாப்பிட்டீர்கள். ஆத்தாவோடு சண்டை போட்டீர்கள். அடுத்த வாரம் அண்ணனுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒருத்தரும் கிட்டப் போகாத அந்த மோட்டார் கொட்டகைக்குள் போனீர்கள். ஆள் வைத்துப் புதிதாக மாட்டிய சுவிட்சைக் கையைத் துடைத்துவிட்டு நீங்களே போட்டீர்கள். வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினீர்கள். "பாரு மீனா, எப்படி நடுங்குதுன்னு." உங்கள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அந்த மூன்று ஏக்கரை வைத்தே வள்ளியைப் படிக்க வைத்தீர்கள், கட்டிக்கொடுத்தீர்கள்.

என் வீட்டுக்காரர் போனபோது நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எல்லோரும் என்னை அழச் சொன்னார்கள். நீங்கள் சொல்லவில்லை. ஆற்றவும் இல்லை, தேற்றவும் இல்லை. கூட்டம் கலைந்ததும் ஒரு தட்டில் ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவந்து முன்னால் வைத்தீர்கள். "தின்னு. மத்தது அது வர்றப்ப வரும்" என்றீர்கள். அப்போது எனக்கு மூன்றாம் நாளே அழுகை வந்துவிட்டது.

இந்தத் தடவை நாளாகிறது. வள்ளி கவலைப்படுகிறாள், டாக்டரிடம் காட்டலாமா என்கிறாள். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ருசி தெரியவில்லை, ஆனாலும் தட்டில் போட்டதை மிச்சம் வைப்பதில்லை. இன்றைக்குப் பகலும் சாப்பிட்டேன் மதினி. கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.