ரீச்சருக்குப் போர்த்திய பொன்னாடை

அன்பு மகளுக்கு,

உன் ரீச்சரின் பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தப் போய், அவரின் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். சைகையால் பேசுகிறவரின் வாயைக் கட்டிய மகான் உன் அப்பா! கை விடுபட்டதும் அவர் ஏதோ காட்ட, சபை சிரித்தது. "ஐயா தோட்டத்திலை வாழைக்குலை சுத்துறவரோ எண்டு கேக்கிறா" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

செவிப்புலனற்ற எத்தனை பிள்ளைகளைச் சோதனை எழுத வைத்தவர்! இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆளில்லாமல் வகுப்பை மூடுகிறார்கள்.

"உங்கடை மகளை ஏன் ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்கேல்லை?" என்று தாளில் எழுதிக் கேட்டார். "தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன். இனி விண்ணப்பிக்க உனக்கு வயதும் கடந்துவிட்டதாம்.

அவருக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன், பிள்ளை. உன்னை எடுத்திருந்தார்கள். காது கேளாதவள் கொழும்பில் தனியே என்ன செய்வாள் என்று பயந்து, பயிற்சிக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை நான்தான் அடுப்பில் போட்டேன்.

உன் அப்பா